எட்டுல நாலு வெளிய போ

நாற்காலிக்கும் அக்காவுக்கும் ஆகவே ஆகாது. சிவகாசியில் நாங்கள் வேலை பார்த்த அச்சகத்தில் கம்ப்யூட்டர் அறை என்று ஒன்று உண்டு. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் படங்களைப் போடுவேன். இன்னொன்றில் அக்காவின் துணிப்பையும் தூக்குவாளியும் உட்கார்ந்திருக்கும். அக்கா பழைய காலண்டர் அட்டைகளை மேஜையில் அடுக்கி, அதன்மேல் கீபோர்டை வைத்து, நின்றுகொண்டேதான் டைப் அடிப்பாள். நிற்பதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டாள். வலது கால் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பத்தி முடிந்ததும் ஜன்னல் வரை போய்விட்டு வருவாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தலை சுற்றும்.

"கொஞ்சம் உக்காருங்கக்கா. ஒங்களப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்பேன்.

"நீ கம்ப்யூட்டரப் பாரு பிள்ள. என்னைய எதுக்குப் பாக்குற?" என்பாள்.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கணக்கில் பட்டம் வாங்கியவள். நாரணாபுரத்திலிருந்து மினிபஸ்ஸில் வருவாள். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினால் இன்றைக்கும் சிலர் "அந்தப் பாட்டுக்காரியா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் சிரித்துக்கொண்டு கேட்பார்கள். மீதிப் பேர் சிரிக்காமல் கேட்பார்கள்.

அவளுக்கு ஒரு நோய் இருந்தது. நோய் என்றுதான் நான் அப்போது சொல்வேன். தப்பான எண் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவளால் முடியாது. யாருடைய எண், யாருக்கு என்ன நஷ்டம், எதுவும் கணக்கில்லை. ஒருமுறை நான் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் படம் போட்டேன். பாவாடை சட்டையில் ஒரு சிறுமி, பக்கத்தில் விசிறி மாதிரி விரித்து வைத்த மத்தாப்புகள். மொதலாளிக்குப் பிடித்துவிட்டது. கம்பெனிக்காரருக்கும் பிடித்துவிட்டது. அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். உதடு அசைந்தது.

"பதினொண்ணு இருக்கு."

"என்னக்கா பதினொண்ணு?"

"மத்தாப்பு. பெட்டிக்குள்ள பத்துதான இருக்கும்? படத்துல ஒண்ணு கூட இருக்கு."

"படந்தானக்கா. இத யாரு எண்ணப்போறாக?"

"நான் எண்ணிட்டேனே."

அன்று சாயங்காலத்துக்குள் ஐந்தாறு தடவை என் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டாள். எரிச்சல் தாங்காமல் ஒரு மத்தாப்பை அழித்துத் தொலைத்தேன். விசிறி கோணிக்கொண்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு அவளைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளலாம் போல இருந்தது.

கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெரியவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவர் கொடுத்த தாளில் தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. "ஜோசியர் கைப்பட எழுதிக் கொடுத்ததும்மா, அப்பிடியே அடி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவர் பின்னாலேயே ஓடினாள். மறுநாள் அவர் புதுத் தாளோடு வந்து, அச்சாகி முடிந்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகையும் கொடுத்துவிட்டுப் போனார். ஜோசியர் எடுத்துப் பார்த்தது போன வருஷத்துப் பஞ்சாங்கமாம்.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. சிவகாசியில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனிகளில் சரக்கை வெடித்துப் பார்ப்பது அன்றாட வேலை. அக்கா மட்டும் திரும்பிப் பார்ப்பாள். சத்தம் கேட்டதும் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு ஓடுவாள். வெம்பக்கோட்டை ரோடு இருக்கிற திசையில் புகை தெரிகிறதா என்று பார்ப்பாள். அவள் வீட்டுக்காரர் அந்த ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலையில் இருந்தார். காகிதக் குழாய்களில் வெடிமருந்தை அடைக்கிற வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. புகை இல்லை என்றாலும் அவளுக்கு மனசு ஆறாது. சாயங்காலம் கம்பெனி வேன் வருகிறவரை கால் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் ஏன் உட்காருவதில்லை என்று அப்படி ஒரு நாள்தான் எனக்குப் புரிந்தது. உட்கார்ந்தால் எழுந்து ஓட நேரமாகும், அவ்வளவுதான்.

தீபாவளி முடிந்ததும் இரண்டு மூன்று மாதம் அச்சகம் தூங்கும். வேலையில்லாமல் அக்காவை ஒரு அறைக்குள் வைத்திருப்பதை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இருக்கிற ஒவ்வொரு பொத்தானாகத் திறந்து மூடிக்கொண்டே போனாள். அப்படித்தான் அந்தக் குரல் அகப்பட்டது. நாம் ஏதாவது டைப் அடித்துப் பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும். ஒரு ஆம்பளைக் குரல். ஜலதோஷம் பிடித்தவன் வேண்டா வெறுப்பாகப் பாடம் ஒப்பிப்பது போல இருக்கும். அதற்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். அக்கா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து, "சாப்பிட்டீகளா" என்று கேட்க வைத்தாள். அது கேட்ட அழகில் நான் நாற்காலியிலிருந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வார்த்தைக்கு ஏழெட்டு விதமாக எழுத்தை மாற்றி மாற்றி அடித்து, ஓரளவு தமிழ் மாதிரி ஆகும்வரை விடமாட்டாள். மூச்சு விடவேண்டிய இடத்தில் காற்புள்ளி. நீளமாக நிறுத்தவேண்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு காற்புள்ளி. எங்களுக்கு அடுத்த ஹாலில் லேபிள் வெட்டுகிற மெசின் "தடக்கு தடக்கு, தட்" என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைத் தாளமாக வைத்து, மைக்கை ஸ்பீக்கருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பண்ணினாள். கம்ப்யூட்டரில் ரெக்கார்டு செய்கிற பெட்டி ஒரு நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருந்ததால் வேகம் கூட்டினாள். வேகம் கூட்டியதும் அது ராப் ஆகிவிட்டது.

ஏழுன்னா வீம்பு,
எவனுக்கும் வகுபடா வேம்பு.
எட்டண்ணன் நீதி,
வெட்ட வெட்டப் பாதி, பாதி, பாதி.
பூச்சியம் வந்தான் பொசுக்குன்னு,
பக்கத்துல நின்னா பத்தாச்சு,
பெருக்கிப் பாத்தா செத்தாச்சு.

இதை அந்த ஜலதோஷக்காரன் சிரிக்காமல் கொள்ளாமல் பாடியதைக் கேட்டு மொதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் போனில் ஏற்றி மினிபஸ் டிரைவருக்கு அனுப்பினேன். ப்ளூடூத் வந்த புதுசு, எல்லாருக்கும் எதையாவது எல்லாருக்கும் அனுப்பவேண்டும் என்று கை அரித்த நேரம். பத்து நாளில் டீக்கடை, சலூன், தீப்பெட்டி ஆபீஸ் எல்லா இடத்திலும் ஜலதோஷக்காரன் வாய்ப்பாடு பாடினான். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்தில்கூட ஒரு பையன் கேட்டுக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். மினிபஸ்ஸில் ஏறினால், "ஏய், கணக்குப்பாட்டு அக்கா வந்துட்டாக, எடம் விடுங்க" என்று குரல் வரும். அவள் எங்கே உட்கார்ந்தாள், இடம் விட்டாலும் நின்றுகொண்டுதான் வருவாள்.

அடுத்த சீசன் வந்தது. ஆவணி பிறந்ததிலிருந்தே ஆர்டர் குவிந்தது. எங்களுக்கே மூச்சு விட நேரமில்லை என்றால் கம்பெனிகளைச் சொல்லவேண்டாம். மருந்து செலுத்துகிற ஒவ்வொரு ரூமிலும் கதவுக்குப் பக்கத்தில் எத்தனை ஆள் உள்ளே இருக்கலாம் என்று பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அவள் வீட்டுக்காரர் ரூமில் எழுதியிருந்தது நாலு. அவர் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை பேரு?" என்பதுதான். ஆறு என்பார். பிறகு ஏழு ஆனது. புரட்டாசியில் எட்டு.

"ஆபீசர் வந்து பாக்க மாட்டாகளாக்கா?" என்று கேட்டேன்.

"வருவாக. அவுக ஜீப்பு கெளம்பும்போதே இங்கன போன் வந்துரும். அதிகப்படி ஆளுக எல்லாம் தூக்குவாளிய எடுத்துக்கிட்டு கருவேலங்காட்டுக்குள்ள போயி உக்காந்துக்கிருவாக. ஆபீசர் எண்ணுனா கரெக்டா நாலு. ஜீப்பு போனதும் பழையபடி எட்டு." ஜன்னல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "எண்ணும்போது மட்டும் சரியா இருக்கிற கணக்கு என்ன கணக்கு பிள்ள?"

வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். "எல்லாக் கம்பெனியிலயும் இதான். ஆர்டர் நிக்கிதுல்ல. நீ கணக்குப் படிச்சவ, நான் மருந்து பழகினவன். ஓஞ் சோலியப் பாரு" என்றாராம். கேட் பக்கம் வந்து எதையாவது பேசிவைத்தால் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷன்தான். கைவேலையில் அவருக்குப் பேர் உண்டு. பெண்டாட்டி வந்து வாசலில் நின்று பரிந்து பேசினால் அவருக்கு மானம் போய்விடும்.

அதனால்தான் இரண்டாவது பாட்டு. இதில் என் பங்கும் உண்டு, மறைக்க மாட்டேன். மெசின் ஓடாத மதியச் சாப்பாட்டு நேரத்தில், போன பாட்டின் தாளத்தையே வைத்து இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பண்ணினோம்.

கதவுல போட்ட கணக்கு நாலு,
உள்ள போயி எண்ணு, எட்டு ஆளு.
நாலும் எட்டும் ஒண்ணா மாமா?
பெயிண்டு அடிச்சது கண்ணா மாமா?
எட்டுல நாலு வெளிய போ,
எந்திரி எந்திரி, காத்து வாங்கப் போ.
பெருக்க வர்றான் பூச்சியம்,
மிச்சம் வைக்க மாட்டான் நிச்சயம்.

கடைசி இரண்டு வரியை அந்தக் குரல் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. "யாரு பாடுனதுன்னு கேட்டா என்னக்கா சொல்லுறது?" என்றேன்.

"மெசின்தான பாடுது? மெசினுக்கு ஊரு ஏது, பேரு ஏது? நான் வாயே தொறக்கலயே."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. எங்களைப் போல மடச்சிகள் அந்த வருஷம் சிவகாசியில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அது யாருடைய குரலும் இல்லை என்று நாங்கள் நம்பினோம். ஆனால் முதல் பாட்டிலேயே அந்தக் குரலுக்கு ஊர் முழுக்க முகவரி கிடைத்துவிட்டது. ஜலதோஷக்காரன் எந்த அச்சகத்தில், எந்த அக்காவிடம் வேலை பார்க்கிறான் என்று மினிபஸ் டிரைவர் வரைக்கும் தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் வேறு எதையோ எதிர்பார்த்துப் பயந்துகொண்டே வருவார்கள். அந்த சீசனில் அந்த ரூமில் ஒன்றும் நடக்கவில்லை. எட்டுப் பேரும் முழுசாகத் தீபாவளி கொண்டாடினார்கள். அடுத்த வருஷம் அக்காவும் வீட்டுக்காரரும் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். தீபாவளிக்கு மறுநாள், "பாத்தீகளாக்கா, ஒண்ணும் ஆகலையே, வீணா எம்புட்டுப் பாடுபட்டீக" என்று நான் சொன்னேன். "தப்பாப் போட்ட கணக்குல தற்செயலா சரியான விடை வந்தா, அதுக்கு மார்க் போடுவியா?" என்று கேட்டாள்.

இரண்டாவது பாட்டு முதல் பாட்டைவிட வேகமாகப் பரவியது. அவள் வீட்டுக்காரர் கம்பெனியிலேயே எல்லோரும் முணுமுணுத்தார்களாம். போர்மேன் மருந்து ரூம் பக்கம் வந்தால் உள்ளே யாராவது ஒருவர் "எட்டுல நாலு வெளிய போ" என்று மூக்கால் பாட, மற்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார்கள். இதை நான் பெருமையாக வந்து அக்காவிடம் சொன்னேன்.

"சிரிச்சாக, சரி. எந்திரிச்சாகளா?" என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தது போர்மேன்தான். ஒரு வாரத்தில் எங்கள் அச்சகத்துக்கு வந்துவிட்டார். அந்தக் கம்பெனியின் லேபிள் எல்லாம் எங்களிடம்தான் அச்சாகிறது. மொதலாளி கதவைப் பிடித்துக்கொண்டு, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார். போர்மேன் அக்காவின் துணிப்பையை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டுக் குரலு இங்கனதான் இருக்குன்னாக. எங்க, பேசச் சொல்லுங்க பாப்போம்."

அக்கா டைப் அடித்தாள். பொத்தானை அமுக்கினாள். "வணக்கம் அண்ணாச்சி. காபி சாப்பிடுறீகளா?" என்றது கம்ப்யூட்டர்.

"இல்லப்பா, இப்பத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு, போர்மேன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மொதலாளி இருமினார். நான் குனிந்துகொண்டேன்.

"பாட்டு எழுதுனது யாரு?" என்று போர்மேன் கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல் மானிட்டரைப் பார்த்துக் கேட்டார்.

அக்கா மறுபடி அடித்தாள். "எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் வெறும் மெசின். எழுதிக் கொடுத்தா வாசிப்பேன். நீங்க எழுதிக் கொடுத்தாலும் வாசிப்பேன்."

போர்மேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மொதலாளி காபி சொல்லி அனுப்பிவிட்டார். போகிற போக்கில் போர்மேன் சொன்னார்: "வெளையாட்டுக்கும் ஒரு அளவு வேணும்மா. வாய்க்கு வந்தத எழுதிவிட்டுர்றது. எட்டு ஆளாம்ல. எங்க ரூம்ல எங்கன இருக்கு எட்டு ஆளு? ஏழுதான்."

நான் அக்காவைப் பார்த்தேன். தாளம் போட்டுக்கொண்டிருந்த கால் நின்றுவிட்டது. வேண்டாங்க்கா, வேண்டாங்க்கா என்று மனசுக்குள் கத்தினேன்.

"எட்டு" என்றாள் அக்கா. மெசின் இல்லை, அவளேதான்.

"என்னம்மா?"

"ஏழுல்ல அண்ணாச்சி, எட்டு. கெழக்குச் செவுத்தோரம் மூணு. வாசப்பக்கம் ரெண்டு. நடுவுல மூணு. நடுவுல இருக்க மூணுல ஒரு ஆளு எங்க வீட்ல உள்ளவுக."

போர்மேன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "அப்பிடியாம்மா" என்றார். "சரி. நாளையில இருந்து ஏழுதான்."

மறுநாள் அவள் வீட்டுக்காரரைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் கேட்டார். கைவேலைக்காரர் என்று தெரிந்தும், சீசன் முடியட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே ஒரு நாள் மட்டும் வாயைத் திறந்து, "ஏழுன்னா ஏழுன்னு விட்டுத் தொலைஞ்சா என்ன கொறைஞ்சிருப்ப?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "எப்பிடி பிள்ள விடுறது? எட்டுல ஏழ மட்டும் எண்ணுனா, விட்டுப்போன ஒரு ஆளு அவுகளா இருந்துட்டா? எண்ணாம விட்டா, அப்பிடி ஒரு ஆளே உள்ள இல்லன்னுல்ல ஆயிரும்? நாளைக்கு ஒண்ணுன்னா யாருன்னு தேடுவாக?"

அக்காவின் வீட்டுக்காரர் பத்திரமாக வீட்டில் இருக்கிறார், இனியாவது இவள் அமைதியாவாள் என்று நான் எதிர்பார்த்தேன். சத்தம் கேட்டால் பழையபடி ஓடினாள். "அண்ணன் வீட்லதான இருக்காக, பெறகென்னக்கா?" என்று கடிந்துகொண்டேன். "உள்ள ஏழு பேரு இருக்காகளே" என்றாள். பாதி நாள் சாப்பிடாமல் தூக்குவாளியை அப்படியே திருப்பிக் கொண்டுபோவாள்.

ஒரு வாரம் கழித்து ஒரு சின்னப் பொண்ணு அச்சக வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் தாலிக்கயிறு இன்னும் மஞ்சள் மங்காமல் இருந்தது. கையில் சாத்தூர்க் காராச்சேவுப் பொட்டலம். அக்காவைக் கேட்டு உள்ளே வந்து, பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ஒங்களுக்குத்தாங்க்கா. ஆனியில எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. அதுலருந்து எங்க வீட்ல உள்ளவுகளுக்கு வேலையே அமையல. இப்ப ஒங்க வீட்டு அண்ணன் இருந்த எடத்துலதான் போட்டிருக்காக. ஒங்களாலதான்னு எல்லாரும் சொன்னாக. அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "அந்த ரூம்ல இப்ப எத்தனை பேருன்னு சொன்னாராம்மா?"

"எட்டுப் பேருன்னாக. பேச்சுத் துணைக்கு நெறைய ஆளிருக்கு, பொழுது போறதே தெரியலன்னு சந்தோசமாச் சொன்னாக."

அக்கா அந்தப் பெண்ணை, "நல்லா இருங்க" என்று அனுப்பிவைத்தாள். சேவுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் என் மேஜையில் வைத்தாள். ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நான் அங்கன போறேன் பிள்ள. நீயும் வா."

"எங்கக்கா?"

"கம்பெனிக்கு. உள்ள விடமாட்டாக. பின்பக்கம் கம்பிவேலி ஓரமாப் போனா அந்த ரூமு தெரியும். மதியம் லோடு ஏத்துற நேரம், போர்மேன் அந்தக் கடைசியில இருப்பாரு. நின்னு பாடப்போறேன்."

"மெசினு இல்லாமயா?"

"கரண்டு இல்லாத எடத்துல மெசினுக்கு எங்க போறது? நானே பாடுறேன். ரெண்டு பேரு பாடினா சத்தம் கொஞ்சம் தூரமாக் கேக்கும். வா."

"மூணு மணிக்கு லேபிள் அச்சடிக்க ஒரு பிளேட்டு குடுக்கணும்க்கா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. வெம்பக்கோட்டை போகிற மினிபஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றம்தான் முகத்தில் இருந்தது. போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது நாலு மணி இருக்கும். சேலை ஓரமெல்லாம் கருவேல முள். நான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் குரல் பாதிதான் வந்தது.

"பாடுனீகளா?"

"பாடுனேன். மொதல்ல யாருக்கும் வெளங்கல, யாரோ பைத்தியம்னு நெனச்சிருப்பாக. பெறகு தாளத்துக்கு வேலிக் கம்பியத் தட்டுனேன். அந்தப் புது மாப்பிள்ள மொதல்ல எட்டிப் பாத்தான். சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தான். அவன் பின்னாடி ஒருத்தன். பெறகு ரெண்டு பேரு."

"நாலு பேரா?"

"நாலு. வேப்பமரத்தடியில வந்து நின்னு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தாக. உள்ள நாலு பேரு வேலை பாத்துக்கிட்டு இருந்தாக. நான் எண்ணுனேன் பிள்ள. உள்ள சரியா நாலு."

"பெறகு?"

"பாட்டு முடிஞ்சிருச்சு. அவுகளும் கையத் தட்டிட்டு உள்ள போகத் திரும்புனாக. நான் உடனே மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். திரும்பி நின்னாக. அது முடியுறதுக்குள்ள அடுத்ததையும் சேத்துக்கிட்டேன். ஏழு, எட்டு, பூச்சியம், எல்லாத்தையும் பாடுனேன். இல்லாத வரியெல்லாம் போட்டுப் பாடுனேன். ஒரு கா மணி நேரம் இருக்கும். அம்புட்டு நேரமும் கணக்கு சரியா இருந்துச்சு." மறுபடி தண்ணீர் குடித்தாள். "தொண்டை கட்டிருச்சு. மூச்சு வாங்க நிறுத்துனேன். சேந்து பாட ஒரு ஆளு இருந்திருந்தா விட்ட எடத்துல பிடிச்சிருக்கலாம். நிறுத்துன ஒடனே உள்ள போயிட்டாக."

நான் தலை குனிந்துகொண்டேன். மூன்று மணிக்குக் கொடுக்கவேண்டிய அந்தப் பிளேட்டை நான் காலையிலேயே முடித்து வைத்திருந்தேன்.